சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு கீறல்

போன வாரம் பாதியில் எழுந்துபோனவர்களுக்கும், இப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவர்களுக்கும் மட்டும் நாலு வார்த்தை. மற்றவர்கள் அதற்குள் தேநீரை ஊற்றிக்கொள்ளுங்கள்.

எங்கள் மலையடிவார ஊர் கராகோலில், என் எதிர்வீட்டு கபார் அண்ணனுக்கு ஒரே மகள், சினார். மருந்துக்கடையில் வேலை. அவளுக்கு நரீன் ஊர்ப் பக்கத்துப் பையன் உலானோடு கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பையனுக்கு அப்பா இல்லை. அம்மா ஸூரா வந்து, முறைப்படி பெண்ணின் காதில் தங்கக் கம்மலைப் போட்டாள். அதோடு நிறுத்தாமல், பையிலிருந்து ஒரு பழைய குஞ்சலத்தை எடுத்து சினாரின் சடையில் கட்டினாள். நான்கு வெள்ளிக்காசுகள் தொங்கும் குஞ்சலம். ஜார் மன்னன் காலத்து ரூபிள்கள்.

அதே நாளில், இரண்டு வீட்டாரும் அவரவர் ஏழு தலைமுறை அப்பன்மார் பெயரைச் சொன்னார்கள். ஏழுக்குள் ஒரு பெயர் பொருந்தினாலும் பங்காளி, கல்யாணம் கிடையாது. கபார் அண்ணன் கடகடவென்று ஒப்பித்தார். பையன் வீட்டில் அவன் சித்தப்பா பெய்ஷென் ஒப்பித்தான். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா வரைக்கும் சரி. நாலாவது பெயருக்கு வந்ததும் இருமினான். கோப்பையை எடுத்துக் குடித்தான். பிறகு ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வேகமாக அடுத்த பெயர்களுக்குத் தாவிவிட்டான். அறையில் எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு என்ன வேலை?

கல்யாணத்துக்கு இன்னும் பதினொரு நாள். இனி இந்த வியாழக்கிழமைக்கு வருவோம்.

காலை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கபார் அண்ணன். ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருஷம் எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது எலும்புக்குப் பதிலாகப் பழைய காசுகளைப் படம் எடுத்து, உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற காசுப் பைத்தியங்களோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறார்.

"தமாரா, உன் வீட்டுக்காரர் படத்துல இருக்கிற கண்ணாடி வேணும். ஒரு மணி நேரம்."

என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் இருந்த காலத்திலேயே அவரை யாரும் இரவல் கேட்டதில்லை. எதற்கு என்று கேட்டேன். அண்ணன் மாடிப்படியை மேலும் கீழும் பார்த்தார். புருல் சந்தைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். புருல் அவர் மனைவி. மனைவி சந்தைக்குப் போயிருப்பதை ஒரு ஆண் தானாகச் சொன்னால், உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். படச் சட்டத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, நானே எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். கண்ணாடியை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க நான் என்ன மரக்கட்டையா?

சமையலறை மேசையில் கறுப்பு வெல்வெட் துணி. அதன்மேல் சினாரின் குஞ்சலம்.

சம்பந்தி வீட்டு வரிசையைக் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்துச் சோதிப்பது எங்கள் பக்கத்தில் மகா மரியாதைக்கேடு. அண்ணனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அந்தக் காசுகள் தகரம், சந்தையில் விற்கிற சீனத்துப் போலி என்று படிக்கட்டு முழுக்க ஒரு பேச்சு. அதை நான் கிளப்பியதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'தகரமா இருக்குமோ' என்று கேட்டேன். கேட்டது இரண்டே பேரிடம்.

அண்ணனின் படப்பிடிப்பு நிலையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேசையின் இரண்டு பக்கமும் மருத்துவக் கலைக்களஞ்சியம், பக்கத்துக்கு நாலு தடிப் புத்தகம். மேலே பாலம் போல ஓர் அடுப்புக் கம்பித்தட்டு. அதன்மேல் போன், கேமராக் கண் கீழே பார்த்தபடி. கையால் தொட்டால் படம் ஆடிவிடும் என்று இரண்டு விநாடி கழித்துத் தானாக எடுக்கும்படி வைத்திருந்தார். ஜன்னல் வெளிச்சம் நேராக விழாமலிருக்க, ரொட்டி சுடும்போது தட்டில் விரிக்கிற காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை, நிழலை நிரப்ப. ஆக மொத்தம் செலவு ஒன்றுமில்லை. புருலின் சமையலறை மட்டும்தான் பாழ்.

முதல் படத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் முகம் சுளித்தார்.

"ராஜா ஏன் இப்படி வெட்கப்படுறாரு?"

ஜாரின் கன்னம் ரோஜா நிறத்தில் இருந்தது. வெள்ளி எல்லா நிறத்தையும் வாங்கிக்கொள்ளும் என்றார் அண்ணன். நான் போட்டிருந்தது ரோஜா நிறக் கவுன். போய் மாற்றிவிட்டு வரச் சொன்னார். நான் போய்விட்டு வருவதற்குள் ஏதாவது நடந்துவிட்டால்? புருலின் வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்துக் கழுத்திலிருந்து கால்வரை போர்த்திக்கொண்டு நின்றேன். அறுபது வயதில் இந்த வேஷம். ஆனாலும் ராஜாவின் வெட்கம் போய்விட்டது.

என் வீட்டுக்காரரின் கண்ணாடிக்கு வேலை அதற்குப் பிறகுதான் வந்தது. காசுக்கும் போனுக்கும் நடுவில் அதைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் மேசைவிளக்கின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நேராகக் காசின்மேல் இறங்கும். காசு மொத்தமும் ஒரே சீராக மின்னும். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்பது என் பொறுப்பு. மூச்சுவிட்டால் கண்ணாடி மங்குகிறதாம். பேசினாலும் மங்குகிறதாம். இதை அண்ணன் மூன்று தடவை சொன்னார்.

ஒவ்வொரு காசாகப் போட்டு, இரண்டு பக்கமும் எடுத்தார். போனில் பெரிதாக்கி, தாடியின் மயிர்களையும் கழுகின் இறகுகளையும் எண்ணுவதுபோல் பார்த்தார். போலியாக இருந்தால் எழுத்தின் ஓரம் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கி இருக்குமாம். இது கத்திபோல் கூர்மையாக இருந்தது. விளிம்பைச் சுற்றியிருந்த எழுத்துகளும் சரி. கடைசியில் தலையாட்டினார்.

நாலும் அசல்.

கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்?

கண்ணாடியைத் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். அண்ணன்தான், வேலை முடிந்தபிறகும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர். தேய்ந்த காசில் தேய்மானம் எந்த அளவு என்று பார்க்க ஒரு வழி உண்டாம். மற்ற வெளிச்சத்தையெல்லாம் அணைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கை மேசையோடு மேசையாகத் தாழ்த்தி, பக்கவாட்டில் அடிப்பது. நேர் வெளிச்சத்தில் தெரியாத பள்ளம்மேடு சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். நான் திரையை இழுத்துவிட்டேன். அவர் விளக்கைத் தாழ்த்தினார்.

மூன்று காசில் ஒன்றுமில்லை. நாலாவதில், ஜாரின் மூக்குக்கு எதிரே உள்ள வெற்றிடத்தில், ஏதோ கீறல் மாதிரி எழுந்தது. விளக்கை ஒரு விரல்கடை நகர்த்தினார். கீறல் கோடாயிற்று. இன்னொரு பக்கத்திலிருந்து அடித்தார். முழுசாக வந்துவிட்டது. மேல்நோக்கி வளைந்த இரண்டு கொம்பு. நடுவில் கீழ்நோக்கி ஒரு கோடு. கோட்டின் அடியில் ஒரு புள்ளி.

போன் தானாக ஒரு படம் எடுத்து, 'க்ளிக்' என்றது. அண்ணன் அசையவில்லை.

அந்த அடையாளத்தை நான் இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதே சமையலறைச் சுவரில், புருலின் மாவுச் சல்லடை மாட்டியிருக்கிற ஆணிக்குப் பக்கத்தில், ஒரு பழைய சூட்டுக்கோல் தொங்குகிறது. அண்ணனின் கொள்ளுத்தாத்தா குதிரைகளுக்குச் சூடு போட்டது. மொத்தக் குலத்துக்கும் பொதுவான முத்திரை வேறு. புள்ளி வைத்தது இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் என்று அண்ணன் பெருமையாகச் சொல்வதை நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

அவர் எழுந்துபோய்ச் சூட்டுக்கோலை எடுத்துவந்து போனுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் பார்த்தார். பிறகு, காலுடைந்த நாற்காலியில் உட்காருகிறவர் மாதிரி மெல்ல உட்கார்ந்தார்.

அண்ணன் வீட்டுக் கதை எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஜார் படைக்குப் பயந்து எங்கள் ஜனங்கள் மலை தாண்டி சீனப் பக்கம் ஓடிய அந்த வருஷம், அவருடைய தாத்தாவுக்குப் பதினாறு வயது. கணவாயில் பனியில் அவருடைய தம்பி தொக்தோ தொலைந்துபோனான். சின்னப் பையன். நூறு வருஷத்துக்கு மேலாக இந்த வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், தொழுகை முடிவில், தொக்தோ எங்கேயாவது உயிரோடு இருந்து பிள்ளைகுட்டி பெற்றிருக்க வேண்டும் என்று கையேந்துவார்கள். நானே பலதடவை ஏந்தியிருக்கிறேன்.

"கிடைச்சிட்டான்," என்றார் அண்ணன்.

எனக்குச் சந்தோஷப்படத்தான் வாய் வந்தது. அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்ததும் வாய் மூடிக்கொண்டது. சினாருக்கு அப்பா கபார், ஒன்று. அவர் அப்பா, இரண்டு. தாத்தா, மூன்று. தாத்தாவுக்கும் தொக்தோவுக்கும் அப்பன், நாலு. இந்தப் பக்கம் உலான். அவன் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, மூன்று. அந்தக் கொள்ளுத்தாத்தா தொக்தோவாக இருந்தால், யாரோ ஒரு நல்லவர் எடுத்து, வேறு பெயர் வைத்து வளர்த்து, அப்பன் என்று தன் பெயரைக் கொடுத்திருந்தால், நாலாவது பெயர் இரவல் பெயர். பெய்ஷென் இருமியது அங்கேதான்.

இங்கேயும் நாலு, அங்கேயும் நாலு. ஏழுவரை போகவே இல்லை. சினாரும் உலானும் பங்காளி.

நூறு வருஷமாகக் கேட்டதைக் கொடுக்கிற கடவுள், அதைக் கல்யாணத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போதா கொடுக்க வேண்டும்?

நான் எனக்குத் தெரிந்த நல்ல யோசனையைச் சொன்னேன்.

"அண்ணே, படத்தை அழிச்சிடுங்க. விளக்கைத் தாழ்த்தலேன்னா இது தெரிஞ்சே இருக்காது. நான் யாருகிட்டயும் மூச்சுவிட மாட்டேன்."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கடைசி வாக்கியத்தை அவர் நம்பவில்லை என்று தெரிந்தது.

"ஆஸ்பத்திரியில படம் எடுத்து உறையில போட்டு டாக்டர் கையில கொடுத்துடுவேன். உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருக்கிறவங்க என் முகத்தையே பார்ப்பாங்க. ஒண்ணும் சொல்லாம வந்துடுவேன். சொல்றது டாக்டர் வேலை." கொஞ்ச நேரம் சூட்டுக்கோலைத் தடவிக்கொண்டிருந்தார். "இன்னைக்கு உறையை யாருகிட்ட கொடுக்கிறது, தமாரா?"

கதவில் சாவி திரும்பியது.

புருல் பெரிய உடம்புக்காரி. ஆனால் நடந்தால் சத்தம் கேட்காது. பத்து கிலோ மாவுமூட்டையோடு வாசலில் நின்று, இருட்டுச் சமையலறையையும், தன் படுக்கை விரிப்பைப் போர்த்தியிருந்த என்னையும், மேசைமேல் பிரித்துப் போட்டிருந்த குஞ்சலத்தையும் வரிசையாகப் பார்த்தாள். பிறகு மூட்டையை இறக்கினாள்.

அடுத்த பத்து நிமிஷம் அவள் பேசியதை எழுதினால் பத்திரிகைக்காரர்கள் வெட்டிவிடுவார்கள். சாராம்சம் இதுதான்: சம்பந்தி கொடுத்த பொருளை எடைபோடுகிற குடும்பம் உருப்படாது. முப்பத்தைந்து வருஷம் ஊரார் விலா எலும்பை எண்ணிய மனிதருக்கு இதைத்தவிர வேறு புத்தி வராது. எதிர்வீட்டுக்காரிக்குத் தன் வீட்டில் துடைக்க ஒரு ஜன்னல்கூடவா இல்லை.

அண்ணன் போனை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பக்கத்தில் சூட்டுக்கோலை வைத்தார். அவளே எண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். புருல் நாலுவரை எண்ணினாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"அவ நேத்து ராத்திரி அந்தக் குஞ்சலத்தைக் கட்டிக்கிட்டே தூங்கினா," என்றாள்.

பிறகு எழுந்து மாவு பிசைய ஆரம்பித்தாள். வியாழக்கிழமை எண்ணெய் காய்ந்தாக வேண்டும். செத்துப்போனவர்களுக்கு அந்த வாசனை போய்ச் சேரவேண்டும். கல்யாணம் நின்றாலும் நடந்தாலும், அவர்கள் பசி காத்திருக்காது. ஏழு ரொட்டி தட்டி, பொரித்து, ஓதி, அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது எல்லா வீட்டிலும் வழக்கம்.

அவள் தட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யோசனை எனக்கு எப்போதும் வாய் வழியாகத்தான் வரும்.

"ஏன் புருல், தொக்தோ சின்னப் பையன்னுதானே சொல்றீங்க? பையன் எதுக்குக் குஞ்சலம் கட்டணும்?"

அண்ணன் நிமிர்ந்தார். குதிரைச் சூட்டுக்கோலிலிருந்து நேராக அப்பன்மார் பட்டியலுக்குப் போனவர், காசு தொங்கியது எங்கே என்பதை மறந்தே போயிருந்தார். சடையில். மாமியார் மருமகளுக்குக் கட்டிவிடுகிற பொருள். பெண்கள் வழியாக வந்த பொருள். இந்த வீட்டுப் பெண் ஒருத்தி அந்த வீட்டுக்குப் போயிருந்தால் கணக்கே வேறு. பெண் கொடுத்த வீட்டிலிருந்து திரும்பப் பெண் எடுப்பது பங்காளி ஆகாது. அதற்குப் பெயர் உறவு.

"எங்க வீட்டுல பொண்ணு யாரும் தொலையலயே," என்றார் அண்ணன். "தொலைஞ்சிருந்தா சொல்லியிருப்பாங்களே."

புருல் தட்டிய ரொட்டிகளைப் பலகையில் அடுக்கி முடித்தாள். நான் எண்ணினேன். எப்போதும் போல எட்டு.

இருபது வருஷமாக அந்த எட்டாவது ரொட்டி என் வீட்டுக்கு வருகிறது. சூடாக, துணியில் சுற்றி. அக்கம்பக்கத்து மரியாதை என்று நினைத்து, கேள்வியே கேட்காமல் தின்றிருக்கிறேன். என் வாழ்க்கையில் நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுதான் போலிருக்கிறது.

"எட்டு எதுக்கு, புருல்?"

"மாமியார் பழக்கம்." மாவுக்கையை உதறினாள். "கல்யாணமான புதுசுல ஏழோட நிறுத்திட்டேன். இன்னொண்ணு தட்டுன்னாங்க. யாருக்குன்னு கேட்டேன். 'ஒரு பொண்ணுக்கு. பேரு எனக்கும் தெரியாது. என் மாமியார் தட்டினாங்க, நானும் தட்டுறேன்'ன்னாங்க. அதை எதுக்கு ஆம்பளைங்ககிட்ட சொல்லணும்னு விட்டுட்டேன்."

அண்ணன் ஏழு பெயரை இரண்டே மூச்சில் ஒப்பிக்கிறவர். அந்த எட்டாவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

நாலு மணிக்கு ஸூரா வருவதாக இருந்தது, கல்யாண உடுப்புக்கு அளவு பார்க்க. மருந்துக்கடையிலிருந்து சினாரையும் கூட்டிக்கொண்டு ஒரே டாக்சியில் வந்து இறங்கினாள். ஸூரா ஒல்லி. நெட்டை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் வாங்குவதற்கு முன்னால் இரண்டு தடவை பார்ப்பவள். வந்ததும் மேசையைப் பார்த்தாள். அண்ணன் எதையும் எடுத்து வைக்கவில்லை. புத்தகங்கள், விளக்கு, வெல்வெட், குஞ்சலம், எல்லாம் அப்படியே இருந்தன. என்மேல் படுக்கை விரிப்பு மட்டும்தான் இல்லை.

"சம்பந்தியம்மா," என்றார் அண்ணன். "நீங்க கொடுத்த காசு தகரமான்னு பார்க்கத்தான் எடுத்தேன். தப்பு. முதல்ல அதுக்கு மன்னிச்சிடுங்க."

சினார் "அப்பா" என்றாள், வலித்தது போல.

ஸூராவின் மூக்கு நுனி வெளுத்தது. தகரம் என்று சொன்னது யார் என்று கேட்டாள். யாரும் பெயர் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேரும் ஒரே திசையில் பார்த்தால் நான் எங்கே போய் ஒளிய? தேநீர் ஊற்ற எழுந்தேன்.

அண்ணன் மேற்கொண்டு எதையும் பூசி மெழுகவில்லை. விளக்கைப் போட்டு, தாழ்த்தி, போனில் வேண்டாம், கண்ணாலேயே பாருங்கள் என்று காசை ஸூராவின் முன் தள்ளினார். அவள் குனிந்தாள். விளக்கை நகர்த்தினார். கொம்பும் கோடும் புள்ளியும் எழுந்தன. பிறகு சூட்டுக்கோலைத் தூக்கி, புருல் மிச்சம் வைத்திருந்த மாவில் ஓர் அழுத்து அழுத்தினார். அதே கொம்பு, அதே கோடு, அதே புள்ளி.

தொக்தோ கதையையும், நாலு தலைமுறைக் கணக்கையும், மகள் முகத்தைப் பார்க்காமலே சொல்லி முடித்தார். சினார் சுவரோடு சாய்ந்து நின்றுவிட்டாள். கை தானாகப் போய்ச் சடை நுனியைத் தேடிற்று. அங்கே ஒன்றுமில்லை.

ஸூரா மாவிலிருந்த முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"இதைத்தான் போட்டிருக்கா," என்றாள்.

"யாரு?"

"இந்தக் குஞ்சலத்தை முதல்ல கட்டினவ. என் மாமியார் சொல்லுவாங்க. மலைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் ஆளுங்க கண்டெடுத்த பொண்ணாம். பத்துப் பதினொரு வயசு. யாரு பொண்ணுன்னு கேட்டா பேரு சொல்லத் தெரியல. பொண்ணுக்கு யாரு ஏழு பேரு கத்துக்கொடுக்கிறாங்க? அடுப்புச் சாம்பல்ல விரலால ஏதோ கோடு போட்டுக் காட்டுமாம். தினமும். யாருக்கும் புரியல. அப்புறம் ஒருநாள் போடறதை நிறுத்திடுச்சாம்."

ஸூரா நகத்தால் காசிலிருந்த கீறலைத் தொட்டாள்.

"நிறுத்தல. இதுல கீறி வெச்சுக்கிட்டிருக்கா."

எந்த ராஜாவின் படைக்குப் பயந்து ஓடினாளோ, அவன் மூக்குக்கு எதிரேயே.

புருல் எழுந்தாள். ஏழு ரொட்டி ஒரு தட்டில் இருந்தது. எட்டாவது எனக்காகத் துணியில் தனியாக இருந்தது. துணியைப் பிரித்து அந்த ரொட்டியை எடுத்து ஸூராவின் முன்னால் வைத்தாள். எதற்கு என்று ஸூராவுக்கு யாரும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, கோபித்துக்கொள்ளாதே என்பதுபோல் ஒரு தலையசைப்பு.

சினாரின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "அப்போ பொண்ணுதானே, அத்தை? பையன் இல்லையே? பங்காளி இல்லையே?"

ஸூரா ரொட்டியைப் பிட்டாள். வாயில் வைக்கவில்லை. கணக்கு டீச்சர். பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு விடை சொல்லத் தெரியாது.

"அவ தனியா வரலம்மா," என்றாள். "முதுகுல ஒரு சின்னப் பையனைக் கட்டித் தூக்கிட்டு வந்திருக்கா. தம்பி. ரெண்டு பேரையும் அந்த வீட்டுலயே வளர்த்தாங்க."

ஸூரா பிட்ட ரொட்டியை மேசையில் வைத்தாள்.

"உலானோட கொள்ளுத்தாத்தா அந்த வீட்டுச் சொந்தப் பிள்ளையா இருந்து, இந்தப் பொண்ணைக் கட்டிக்கிட்டாரா? இல்ல, அந்தத் தம்பிதான் கொள்ளுத்தாத்தாவா, இவ நாத்தனாரா இருந்து அவன் பொண்டாட்டிக்குக் குஞ்சலத்தைக் கட்டிவிட்டாளா? எனக்குத் தெரியாது. நான் வாழ வந்தவ. என்கிட்ட அதையெல்லாம் சொன்னதில்ல." ஸூரா நிமிர்ந்தாள். "பெய்ஷெனுக்குத் தெரியும். நாலாவது பேருல அவன் இருமினதை நான் கவனிச்சேன்."

நான் ஒருத்திதான் கவனித்தேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் போனை எடுக்கக் கை நீட்டினார். சினார் முந்திக்கொண்டாள். திரையில் இன்னும் அந்தக் கீறல் பெரிதாக நின்றது. அதை ஒருமுறை பார்த்தாள். அழிக்கவில்லை. ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் வருங்காலச் சின்ன மாமனாரின் எண்ணைத் தேடினாள்.

"குடும்மா, நான் கேக்கிறேன்," என்றார் அண்ணன்.

"வேண்டாம்ப்பா. கல்யாணம் எனக்கு. நானே கேக்கிறேன்."

எண்ணை அழுத்திவிட்டு, சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தாள். மாவில் பதிந்த முத்திரைக்கு இந்தப் பக்கம் போன், அந்தப் பக்கம் குஞ்சலம். நரீனில் எங்கேயோ மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

நாலாவது மணிக்கு எடுத்தான். சினார் தன் பெயரைச் சொன்னாள். "சினாரா? சொல்லும்மா," என்றான் பெய்ஷென், சிரித்துக்கொண்டே. சினார் கேட்டாள். அந்தக் கொள்ளுத்தாத்தா வீட்டுப் பிள்ளையா, முதுகில் வந்த தம்பியா என்று, சுற்றிவளைக்காமல், ஒரே வரியில்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. பிறகு, எனக்குப் பழக்கமான அந்த இருமல்.

ஸூராவின் முன்னால் பிட்ட ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. வாசல் கதவு திறந்தே இருந்தது, என் வீடு எதிரிலேயே இருந்தது. இருபது வருஷத்தில் முதல் வியாழக்கிழமையாக நான் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். பசிக்கவில்லை.